ஓடினால் வண்டி, நின்றால் இரும்பு

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குள் ஒரு பஸ் திரும்பியதும் என்ன நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அது நிற்பதற்குள் எதிர்ப்பக்க நிழலில் ஒதுங்கியிருந்த கூட்டம் மொத்தமும் குறுக்கே பாயும். ஜன்னல் வழியாகக் கைக்குட்டையும் டிபன் பாக்ஸும் பறக்கும். சில சமயம் கைக்குழந்தையே முதலில் உள்ளே போய் இடம் பிடித்துவிடும்.

அன்று நான் ஏற்கெனவே பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தேன். மடியில் அட்டை போன ஓர் ஆங்கில மோட்டார் பத்திரிகை. பழைய புத்தகக் கடையில் எடை போட்டு வாங்கியது. அதில் ஒரு பக்கம் முழுக்க ஒரே படம். ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் நடந்த ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம். சாலையின் ஓர் ஓரத்தில் கார்கள் சாய்வாக வரிசை கட்டி நிற்கின்றன. மறு ஓரத்திலிருந்து ஓட்டுநர்கள் குறுக்கே ஓடிவருகிறார்கள். தலையில் துணித் தொப்பி, கழுத்தில் பறக்கும் துண்டு.

நிமிர்ந்தால், ஜன்னலுக்கு வெளியே அதே படம். ஆள்கள்தான் வேறு.

முன் சீட்டில் கஜேந்திரன் இருந்தான். பாலிடெக்னிக்கில் என் வகுப்பு. சென்னீர்குப்பத்தில் தலைமுறையாக நெல்லும் கத்தரியும் போட்ட குடும்பம். காலையிலிருந்து யாரோடும் பேசாமல் இருந்தவன், பஸ் ஏறிய பிறகுதான் காரணத்தைச் சொன்னான். வீட்டு மாட்டுக் கொட்டகையை இடித்துவிட்டு, தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகை விட அறைகள் கட்டப்போகிறார் அவன் அப்பா. கொட்டகையில் கிடக்கும் பழைய காரைப் பழைய இரும்புக்காரருக்குத் தள்ளிவிடப்போகிறார். ஆடி பிறக்கப்போகிறது; ஆடியில் எதையும் விற்பதில்லை, வாங்குவதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். ஆகவே காரின் ஆயுள் ஆடி முடியும் வரை.

நான் படத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டி, மூச்சு விடாமல் சொன்னேன். இது வேகப் பந்தயம் மட்டும் இல்லை. ஒரு பகல், ஓர் இரவு முழுக்க ஓட வேண்டும். முதலில் வருவது இருக்கட்டும், கடைசிவரை ஓடிக்கொண்டிருப்பதே பெரிய காரியம். உங்கள் காரும் அப்படி ஓடும் என்று காட்டிவிட்டால் உங்கள் அப்பா அதை எப்படி இரும்பு என்பார்?

கஜா படத்தையே பார்த்தான்.

"அது ஓடி நான் பாத்ததே இல்ல. எங்க நைனாகூட சின்னப்பிள்ளையில பாத்ததுதான்" என்றான்.

பஸ் கிளம்பிவிட்டது. எனக்கு அந்த யோசனையிலிருந்து இறங்க மனசில்லை.

கோழி முட்டையிட்ட சீட்டு

அந்தக் கார் அங்கே வந்த கதையைக் கஜா வீட்டில் ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள். எல்லோருக்கும் பொதுவான பாகம் இது. வெள்ளைக்காரர் ஒருத்தர் பெங்களூர் போகிற வழியில் அவர்கள் கத்தரித் தோட்டத்துக்கு எதிரே வண்டி நின்றுவிட்டது. தாத்தா மாடு பூட்டி இழுத்துவந்து கொட்டகையில் விட்டார். வெள்ளைக்காரர் மோர் குடித்தார், நாளைக்கு ஆளோடு வருகிறேன் என்று சைகையில் சொன்னார், போனார். நாடே அவரிடமிருந்து போய்விட்டது. கார் போகவில்லை.

நடுவில் சில காலம் தாத்தா அதை ஓட்டியிருக்கிறார். பிறகு பெட்ரோலுக்குப் பதில் வைக்கோல் கேட்கும் வாகனங்களே சௌகரியம் என்று விட்டுவிட்டார்.

நான் முதல் தடவை பார்த்தபோது கோழி ஒன்று ஓட்டுநர் சீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்தது. இரண்டே சீட்டு. கதவு முழங்கை உயரம். உடம்பில் முக்கால்வாசி மூக்குதான். அந்த மூக்கின் நுனியில் ரேடியேட்டர், கோயில் வாசல் நிலைபோல நிமிர்ந்து நின்றது. கம்பி ஆரச் சக்கரங்கள். பெயர்ப் பட்டையை யாரோ எப்போதோ கழற்றி ஏதோ கதவுக்குத் தாழ்ப்பாளாக்கிவிட்டார்கள். என்ன கார் என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கள் ஊர் ரோட்டில் ஓடிய எதைப்போலவும் இல்லை என்பது மட்டும் உறுதி.

எனக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னக் கிளைக்கதை. நான் வளர்ந்தது ஆவடி குவார்ட்டர்ஸில். எங்கள் அடுக்கில் கீழ்வீடு சேலம், பக்கத்து வீடு மதுரை, மாடி வேலூர். நாங்கள் திருநெல்வேலி. குழம்பு வாசனையை வைத்தே எந்த ஜில்லா என்று சொல்லிவிடுவோம். அப்பாக்கள் எல்லோரும் ஒரே பாதுகாப்புத் தொழிற்சாலையில் டாங்கி செய்தார்கள். மதிய வேளையில் தூரத்தில் டாங்கியைச் சோதனை ஓட்டம் விடுவார்கள். வீட்டு எவர்சில்வர் தம்ளர்கள் அலமாரியில் ஒன்றோடொன்று உரசிப் பேசிக்கொள்ளும். மற்ற பிள்ளைகள் தாலாட்டில் தூங்கினார்கள் என்றால், நான் அதில் தூங்கினேன்.

பந்தய யோசனையை அப்பாவிடம் சொன்னேன்.

"ஏட்டி, பந்தயம்னா எதிராளி வேண்டாமா?" என்றார்.

சூரியன்தான் எதிராளி என்றேன். அப்பா மோர்க்குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

நைனாவின் நிபந்தனை

கஜாவின் அப்பா ஏழுமலைக்கு அதிகம் பேசிப் பழக்கமில்லை. நாங்கள் போய் நின்றபோது மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். நான் ஐரோப்பாவிலிருந்து ஆரம்பித்தேன். தவிடு கரைந்து முடிகிறவரை கேட்டார்.

"ஏரி காஞ்சி கெடக்குது. பொழுது கெளம்பறப்போ எடுங்க. பொழுது சாயறவரைக்கும் சுத்தி வரட்டும். ஓடிச்சின்னா வண்டி, கொட்டாய இடிச்சாலும் அத்த வெச்சிக்கலாம். நடுவுல நின்னுபோச்சுன்னா இரும்பு."

அவ்வளவுதான். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். கஜாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். என் பத்திரிகையில் இருந்த கார்கள் புதுசு. இதன் குழாய்க்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளை விரிவாக எழுதினால் பத்திரிகை ஆசிரியர் கத்தரிக்கோலை எடுப்பார். எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயும் டீசலும் ஊற்றி ஊறவைத்தோம். இறுகிப்போன பிஸ்டன் ஒருநாள் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தத்தோடு அசைந்தது. அந்த அளவில் கார் டயர் எங்கும் கிடைக்கவில்லை. கஜா ஒரு பழைய மோட்டார் சைக்கிள் டயரை வைத்துப் பார்த்தான், உட்கார்ந்துகொண்டது. பேட்டரி கிடையாது. முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் உசுப்ப வேண்டும்.

அது முதல் தடவை உறுமியபோது கொட்டகையிலிருந்த மாடுகள் கட்டை அறுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடின. அவற்றைத் தேடிப்பிடிக்க அன்றைய சாயங்காலம் போயிற்று. அந்த முதல் புகையின் வாசனை இப்போதும் எனக்கு வேண்டும்போது வரும். எரிந்த எண்ணெய், சாணம், வைக்கோல் எல்லாம் சேர்ந்த ஒன்று.

மூடிக்கு முத்திரை

பந்தயம் என்றால் சட்டம் வேண்டும். பத்திரிகையில் படித்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன். அந்தக் காலத்துச் சட்டங்கள் கடுமையானவை. வழியில் பழுதானால் ஓட்டுநர் மட்டுமே கை வைக்கலாம். காரில் இருக்கும் கருவிகளை மட்டுமே பயன்படுத்தலாம். தண்ணீர், எண்ணெய் மூடிகளை ஈயத்தால் முத்திரை வைத்துவிடுவார்கள். குறிப்பிட்ட தூரம் ஓடாமல் அவற்றைத் திறக்க முடியாது. ஒழுகும் காருக்குப் பந்தயத்தில் இடமில்லை என்று அர்த்தம்.

எங்கள் காரிலும் ரேடியேட்டர் மூடிக்கு முத்திரை, உச்சிப்பொழுதில் திறந்து தண்ணீர் ஊற்றலாம் என்று நான் எழுதிவைத்தேன்.

ஆடி ஞாயிறு. நான் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். கையில் ஒரு துண்டு ஃபியூஸ் கம்பி. கஜாவின் அம்மா கன்னியம்மா வாசலில் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். அன்று ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். மூடியைக் கம்பியால் சுற்றப்போன என்னை, இது எதுக்கு என்று கேட்டார். இந்த மூடியை யாரும் தொறக்கக் கூடாதும்மா, அதுக்காகக் கட்டி வைக்கறோம் என்றேன்.

"காப்பா? காப்ப போயி கம்பில கட்டுவாங்களா, நல்லாகீதே" என்றார்.

உள்ளே போய் மஞ்சளில் தோய்த்த கயிற்றைக் கொண்டுவந்தார். ஒரு மஞ்சள் கிழங்கு, ஒரு கொத்து வேப்பிலை. மூடியின் கொம்பைச் சுற்றிக் கிழக்கு முகமாக நின்று, உதடு முணுமுணுக்க முடிச்சுப் போட்டார். ஈய முத்திரையைவிட இது எவ்வளவு அழகு என்று எனக்கு ஒரே பூரிப்பு. வெள்ளைக்காரன் சட்டத்தை நம் அம்மனிடம் ஒப்படைத்துவிட்ட பெருமை.

எப்போது அவிழ்ப்பது என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஏரிக்குள்

ஏரி தட்டாகக் காய்ந்து வெடித்துக் கிடந்தது. கரையோரம் வண்டித்தடம் ஒன்று பெரிய வட்டமாகப் போயிற்று. அதுதான் பாதை. சூரியன் பனைமர இடுக்கில் தலை நீட்டியதும் நான் துண்டை வீசினேன். கஜா குறுக்கே ஓடினான். கைப்பிடியைச் சுழற்றினான். மூன்றாவது சுழற்றலில் கார் இருமியது, பிறகு பாடியது.

கரையில் ஆடு மேய்க்கிறவர்களும் வேலையில்லாதவர்களும் கூடினார்கள். இன்னா மாமே, உழுவுறியா என்று ஒருத்தன் கேட்டான். விதை எங்கடா என்று இன்னொருத்தன். கஜா ஒவ்வொரு சுற்றிலும் கையசைத்தான். தூசு ஒரு வால் மாதிரி அவன் பின்னால் எழுந்து, அவன் திரும்பி வரும்போதும் அடங்காமல் நின்றது. வெயில் ஏற ஏற அந்த எஞ்சின் சத்தம் ஏரியின் சத்தமே ஆகிவிட்டது. நைனா ஒரு பனைமரத்தடியில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்.

உச்சிப்பொழுது. கஜா எஞ்சினை அணைக்காமல், பாதை ஓரத்தில் வண்டியை உருள விட்டு நிறுத்தினான். குடத்துடன் இறங்கி மூடியில் கை வைத்தான்.

"கை வெக்காத" என்றார், கரையில் வந்து நின்றிருந்த கன்னியம்மா. சத்தமாகக்கூட இல்லை.

"எம்மா, தண்ணி ஊத்தணும்."

"காப்பு கட்டிகீது. பொழுது சாஞ்சி, அம்மாளுக்குக் கற்பூரம் காட்டிட்டுத்தான் அவுப்பாங்க. பாதில அவுத்தா, கட்டினதுக்கு இன்னா அர்த்தம்?"

நான் விளக்கினேன். கொதிநிலை, நீராவி, பிஸ்டன் விரிவது, எல்லாவற்றையும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்ணு, நீ சொன்னதத்தான செஞ்சேன், யாரும் தொறக்கக் கூடாதுன்னியே என்றார்.

கஜா குடத்தைக் கீழே வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான். அம்மா கட்டிய காப்பை அறுக்கிற பிள்ளை அந்த ஊரில் இல்லை.

என் கையில் கட்டிங் பிளேயர் இருந்தது. நானே போய் அறுத்திருக்கலாம். ஆனால் ஓட்டுநரைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தான். நைனா மரத்தடியிலிருந்து பார்த்தார்.

"உன் சட்டம் ஒண்ணு, அவ சட்டம் ஒண்ணு. என்னுது ஒண்ணுதாம்மா. நின்னா இரும்பு" என்றார்.

பால் பொங்குகிற சத்தம்

பிற்பகலில் மூடி ஓரம் வெள்ளையாக ஒரு நூல் எழும்பியது. இரண்டு சுற்றுக்குப் பிறகு அது நூல் இல்லை, புகைபோக்கி.

அப்போது கோயிலிலிருந்து கூழ் குடித்துவிட்டுப் பெண்கள் கரை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மூக்கில் வேப்பிலையும் மஞ்சளும் கட்டிக்கொண்டு, ஆவி பறக்க, தானாக வட்டம் சுற்றும் ஒரு வாகனத்தைப் பார்த்தால் ஆடி ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் என்ன செய்வாள்? கரகம் வரும்போது செய்வதையே செய்தார்கள். குடத்தில் மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரை, கார் கடக்கும்போது அதன் முகத்தில் வீசி ஊற்றினார்கள். உஸ் என்று ஒரு சத்தம். குலவை ஒன்று. அடுத்த சுற்றில் இன்னொரு குடம்.

இது சட்டமீறலா என்று நான் ஒரு கணம் யோசித்தேன். யாரும் கையால் தொடவில்லை. தண்ணீர்தான் தொட்டது. அனுமதித்தேன்.

கொஞ்ச நேரம் தாங்கியது. குடங்கள் காலியாகிப் பெண்கள் கலைந்த பிறகு, சத்தம் மாறிற்று. உள்ளே யாரோ சுத்தியலால் மெதுவாகத் தட்டுகிற மாதிரி. கஜா எங்களைக் கடந்தபோது கையசைக்கவில்லை. அவன் முகம் முழுக்கத் தூசு, கன்னத்தில் மட்டும் இரண்டு கோடு ஈரமாக இருந்தது. இன்னும் சூரியன் பனைமர உயரத்துக்கு மேலே நின்றது.

கன்னியம்மா எழுந்தார். பாதையோரம் போய் நின்றார். கார் வந்ததும் கூடவே நடந்து, ஓடுகிற பஸ்ஸில் தொற்றுவதுபோலப் பக்கவாட்டுப் பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அரை வட்டம் இருவரும் சேர்ந்தே போனார்கள். என்ன பேசினார்கள் என்று அப்போது தெரியாது. பிறகு கஜா சொன்னான். எதுவும் பேசவில்லையாம். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தாராம். பால் பொங்கற சத்தம் கேக்குதுடா, எறக்கணும் என்று மட்டும் சொன்னாராம்.

குடம் இருந்த இடத்தில் வண்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கன்னியம்மா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, சூட்டைப் பொருட்படுத்தாமல் அந்த முடிச்சை அவிழ்த்தார். அறுக்கவில்லை, அவிழ்த்தார். கயிற்றை அப்படியே தன் இடது மணிக்கட்டில் சுற்றி, ஒரு நுனியைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார்.

"காப்பு இப்ப என் கையில கீது. வண்டிக்கு இல்ல. ஊத்து."

கஜா ஈரச் சாக்கால் மூடியைப் பொத்தித் திருகினான். ஆள் உயரத்துக்கு ஆவி அடித்தது. அடங்கும்வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். எஞ்சின் தடுமாறியது. நின்றுவிடும் என்றே நினைத்தேன். நைனா மரத்தடியிலிருந்து எழுந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"நின்னுபோச்சா?" என்றார்.

"சக்கரத்தத்தான் நிறுத்திகீறேன், நைனா. எஞ்சின் நிக்கல" என்றான் கஜா.

நைனா முன்மூக்கில் உள்ளங்கையை வைத்தார். சுட்டிருக்கும், எடுக்கவில்லை. கீழே நடுக்கம் இருந்தது.

"ஓடுது" என்றார்.

திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பொழுது சாய்ந்த பிறகு

கடைசிச் சுற்றுகளை நான் எண்ணவில்லை. ஏரி முழுக்கச் செம்மண் நிறத்தில் ஒளி. தூசுக்குள் கார் போவது தெரியாது, சத்தம் மட்டும் சுற்றி வரும். ஆடு மேய்த்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். காலையில் விதை கேட்டவனே இப்போது, இன்னும் ரெண்டு சுத்து, வுடாத மச்சான் என்று கரையோடு கூடவே ஓடினான்.

சூரியன் சென்னீர்குப்பத்துக் கூரைகளுக்குப் பின்னால் இறங்கியதும் கஜா எஞ்சினை அணைத்தான். அந்த அமைதியைப் போல ஒன்றை நான் பிறகு எங்கும் கேட்டதில்லை. அந்த ஏரியில் இப்போது பாதிக்குமேல் மனை பிரித்துக் கல் நட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, எந்தக் கல் எங்கள் பாதையின் மேல் இருக்கிறது என்று கணக்குப் போடுவேன்.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வண்டிதான் என்றார். கொட்டாயை இடிக்கப்போகிறேன், வேப்பமரத்தடியில் ஓலை போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். கஜா தலையாட்டினான்.

நாங்கள் கொண்டாட ஆரம்பித்தபோதுதான் கன்னியம்மா தன் மணிக்கட்டைக் காட்டினார். காப்பு இன்னும் அங்கேயே இருந்தது.

"இத்த இங்க அவுக்க முடியாது. வண்டிக்குக் கட்டினது, பாதில எடுத்துகினேன். திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்கு போயி, அவ எதுர்லதான் அவுக்கணும். வர்ற ஞாயித்துக்கெழம. இந்த வண்டிலியே."

ஏரிக்குள் இல்லை, ரோட்டில். லாரியும் ஷேர் வேனும் ஓடும் நெடுஞ்சாலையைக் கடந்து, ஆடி மாதக் கூட்டத்துக்குள். கஜா என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். இதுவரை நான் உங்களிடம் சொல்லாத ஒரு விஷயத்தை அவன் தன் அம்மாவிடம் சொல்லவேண்டியிருந்தது.

"எம்மா, வண்டில பிரேக் இல்ல."

"இன்னிக்கு ஏரில இருந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா" என்று சொல்லிவிட்டு, அவர் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு கரையேறினார்.

மறுநாள் இருவருமே பாலிடெக்னிக் போகவில்லை. வேப்பமரத்தடியில் முன்சக்கரத்தைக் கழற்றி, துருவேறிய பிரேக் டிரம்மைச் சுத்தியலால் தட்டித் தட்டித் திறந்தோம். உராய்ந்து சக்கரத்தைப் பிடிக்கும் லைனிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைப்பிடி செம்மண்ணும் செத்த கரப்பான் ஒன்றும் இருந்தன. மற்ற மூன்றும் இதேபோல்தான் இருக்கும் என்றான் கஜா. ஞாயிற்றுக்கிழமைக்குள் நாலு சக்கரத்துக்கும் புதிதாகப் பிரேக் செய்தாக வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து கன்னியம்மா, எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்டார்.